ஒரே தட்டு

ஹும்முஸ் என்றால் அரபு மொழியில் கொண்டைக்கடலை. வேறு மர்மம் ஒன்றும் இல்லை. கடலையைக் குழைய வேகவைத்து, வெள்ளை எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு சேர்த்து வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, தட்டில் பரப்பி, கரண்டியின் முதுகால் நடுவில் குழி செய்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆலிவ் எண்ணெயைத் தவிர இதில் எதுவும் எங்கள் காணைக் கடைத்தெருவில் கிடைக்காத சாமான் அல்ல. கொண்டைக்கடலை ஆயுத பூஜைக்கு வாங்குவது. எள், பாதி உருண்டைக்கும் பாதி செத்துப்போனவர்களுக்கும். இரண்டையும் சேர்த்து அரைக்கலாம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை.

இந்தத் தட்டை நான் முதலில் பார்த்தது 2023 ஜனவரியில், துபாயில், ஸத்வா என்கிற பகுதியில், ஒரு லெபனான் குடும்பம் நடத்துகிற சிறிய ஹோட்டலில். எதிரில் என் நண்பன். நடுவில் ஒரே தட்டு. அவன் ரொட்டியைக் கிழித்து ஓர் ஓரத்திலிருந்து வழித்தெடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நான் எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் எடுக்காமல் இருந்தேன் என்று கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. அவன் அதைக் கவனிக்கிற அளவுக்கு. இந்தக் கட்டுரை அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றியது. ருசியைப் பற்றி எழுதுகிற ஆசாமி நான் இல்லை. நாக்கு விஷயத்தில் எனக்குத் தயிர்சாதத்துக்கு மேல் பிரக்ஞை கிடையாது.

நண்பனின் பெயரை எழுதவில்லை. எழுதினால் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பெயர்.

காணை, விழுப்புரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் உள்ள ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம், ஆகவே ஒரு பி.டி.ஓ. ஆபீஸும் அதைச் சுற்றி மனு எழுதுகிறவர்களும் உண்டு. கரும்பு, சவுக்கு, மல்லாட்டை. (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. பழைய தென்னாற்காட்டுக்கு வெளியே இந்தச் சொல்லைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.) தமிழ்நாட்டுக் கிராமம் எதையும் போல ஊர் என்று ஒன்று, காலனி என்று ஒன்று. நான் ஊர். அவன் காலனி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு விழுப்புரம் அரசுக் கலைக் கல்லூரியில் இருவரும் பி.ஏ. ஆங்கிலம். எலியட்டை எனக்குப் புரியவைத்தவன் அவன். வாத்தியார் புரியவைக்கவில்லை, நோட்ஸ் புரியவைக்கவில்லை. மத்தியானம் காலியான வகுப்பில் பெஞ்சு மேல் ஏறி நின்று சத்தமாகப் படித்தான். அவ்வளவுதான், புரிந்துவிட்டது.

அந்த மூன்று வருஷமும் அவன் எங்கள் வீட்டுக்கு வருவான். திண்ணை வரைக்கும். அம்மா காப்பி கொடுப்பாள். அம்மாவைக் கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. அவன் பரீட்சையைப் பற்றி என் பரீட்சையைவிட அதிகம் விசாரிப்பாள். காப்பி வருகிற எவர்சில்வர் டம்ளர் திண்ணை மாடத்திலேயே இருந்தது. கழனி வேலைக்கு வருகிறவர்களுக்கு உள்ளது. குடித்துவிட்டு அவனே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான். நான் அதைப் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தேன். டம்ளர் என்று பார்த்தேன்.

இதே காலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்தினோம். இரண்டு இதழ் வந்தது. என் முதல் விமர்சனக் கட்டுரை அதில்தான். பாமாவின் 'கருக்கு' (1992) பற்றியது. தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கும் இடம் ஒன்று அதில் வரும். அந்தக் கயிற்றைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து அவனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டான். நன்றாக இருக்கிறது என்றான். டம்ளரைக் கழுவினான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் அவன் என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவான். எங்கள் தெருவுக்குள் வந்ததும் எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டான். வாக்கியங்களை விளி இல்லாமல் அமைத்துக்கொள்வான். தமிழில் அது சுலபமான காரியம் இல்லை. 'நீ'யும் 'நீங்கள்'உம் வினைமுற்றிலேயே வந்து நின்றுவிடுகின்றன. அவன் 'போகலாமா', 'பார்க்கலாமா', 'எழுதிடலாம்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வான். இலக்கணத்தில் இப்படி ஒரு சந்து இருப்பதை நான் பின்னால்தான் உணர்ந்தேன். அவன் அப்பாவை நான் சின்ன வயதில் எப்படிக் கூப்பிட்டேன் என்பதை எழுத எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

படிப்பு முடிந்து நான் வங்கியில் க்ளார்க் ஆனேன். அவன் துபாய்க்குப் போனான், அல் கூஸ் என்கிற இடத்தில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். ஸத்வாவில் ஆறு பேர் இருக்கிற அறையில் ஒரு கட்டில். பத்து வருஷமாக 'வந்து பாத்துட்டுப் போடா' என்று சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷம் காசு சேர்த்து, ஆபீஸில் தடையின்மைச் சான்று வாங்கி, சென்னையிலிருந்து நாலு மணி நேரம் பறந்து போனேன்.

ஸத்வாவின் பெரிய தெருவுக்கு முன்பு அல் தியாஃபா என்று பெயர். தியாஃபா என்றால் விருந்தோம்பல். பிறகு டிசம்பர் 2 தெரு என்று மாற்றிவிட்டார்கள், 1971இல் அமீரகம் உருவான தேதி. விருந்தோம்பலை எடுத்துவிட்டுத் தேசிய தினத்தை வைப்பது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். இந்த வட்டாரத்தில்தான் 1978இல் தொடங்கிய ரவி ரெஸ்டாரண்ட் என்கிற பாகிஸ்தான் ஹோட்டலும் 1979இல் தொடங்கிய அல் மல்லா என்கிற லெபனான் ஹோட்டலும் இருக்கின்றன. 1975இலிருந்து 1990 வரை லெபனானில் உள்நாட்டு யுத்தம். அந்தப் பதினைந்து வருஷத்தில் அங்கிருந்து கிளம்பியவர்களில் கணிசமான பேர் வளைகுடாவுக்கு வந்தார்கள். வருகிறவன் கையில் என்ன இருக்கும்? அம்மாவின் சமையல் இருக்கும். அதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து, லெபனான் மலைக்காரர்கள் பிரேஸிலுக்கும் மெக்ஸிகோவுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போய்க் கடை வைத்திருக்கிறார்கள். மெக்ஸிகோவில் அவர்களுடைய கம்பியில் சுற்றும் இறைச்சி, பன்றி இறைச்சியாக மாறி உள்ளூர் ரொட்டிக்குள் புகுந்து அந்த நாட்டுச் சாப்பாடாகவே ஆகிவிட்டது.

'லெபனான் ஹோட்டலுக்குப் போலாம்' என்று அவன் சொன்னதும் நான், 1957இல் பெய்ரூத்தில் யூசுஃப் அல்-காலும் அடோனிஸும் சேர்ந்து கொண்டுவந்த 'ஷிஃர்' பத்திரிகையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து, 1959இல், இங்கே சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்குகிறார். இரண்டும் யாப்பை உடைத்தன, இரண்டும் திட்டு வாங்கின, ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது என்றெல்லாம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அங்க பூண்டு நல்லா இருக்கும்' என்றான்.

பெரிய தெருவிலிருந்து உள்ளே ஒரு சந்தில் ஏழெட்டு மேஜை போட்ட இடம். கல்லாவில் ஒரு கிழவர். அடுப்பில் அவர் பிள்ளை என்று நினைக்கிறேன், மூக்கு அப்படி. பரிமாறியவர் மலையாளி. நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே ஒரு தட்டில் வெள்ளரிக்காய், காரட், கீரை இலை, பீட்ரூட் சாயம் ஏறின ஊறுகாய், ஆலிவ் எல்லாம் வந்துவிட்டது. இதற்குக் காசு இல்லை என்றான் நண்பன். பிறகு உப்பிக்கொண்டு ஆவி வருகிற ரொட்டி. பிறகு ஹும்முஸ். சுட்ட கத்தரிக்காயை மசித்து எள் விழுது சேர்த்த முத்தபல் — சிதம்பரத்துக் கொத்சுவின் தூரத்து உறவு என்று சொன்னால் இரண்டு ஊர்க்காரர்களும் சண்டைக்கு வருவார்கள். ஃபலாஃபல் என்று வந்தது பருப்பு வடை. உள்ளே பச்சையாக இருப்பது மட்டும்தான் வித்தியாசம். கடைசியில் கோழி, கூடவே அந்தப் பூண்டு.

மத்தியானக் கூட்டம் கலைந்துபோன வேளை. மூலை மேஜையில் கடைக்காரக் குடும்பமே சாப்பிட உட்கார்ந்தது. கிழவர், ஒரு கிழவி, பள்ளிச் சீருடையில் ஒரு பெண். எங்கள் மேஜையில் இருந்த அதே சாமான்கள், அதே மாதிரி நடுவில் வைத்த தட்டுகள். மூன்று கைகளும் குறுக்கும் நெடுக்குமாகப் போய் வந்தன. அந்தப் பெண் தாத்தா வழித்த பள்ளத்திலேயே ரொட்டியை விட்டு எடுத்தாள். கிழவர் எங்கள் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டி 'ஸஹ்தேன்' என்றார். சாப்பிடுகிறவர்களிடம் சொல்கிற வார்த்தை. 'இரண்டு ஆரோக்கியம்' என்று அர்த்தம் சொன்னான் நண்பன். அரபு மொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில் இருமை என்று ஒன்று உண்டு. தமிழில் கிடையாது. நமக்கு ஒன்று, அல்லது பல; அந்தப் பலவும் பாதி நேரம் மரியாதைக்குத்தான் பயன்படுகிறது.

இங்கேதான் நான் எடுக்காமல் இருந்தேன். காரணம் தயாராகவே இருந்தது. கொரோனா முடிந்து அதிக நாள் ஆகவில்லை. ஒரே தட்டில் இரண்டு கை என்றால் யாருக்கும் யோசனை வரத்தான் செய்யும். ஆனால் அதே பிரயாணத்தில், முதல் நாள் ராத்திரி, விமான நிலையத்துக்கு வந்திருந்த என் சித்தப்பா பிள்ளையோடு ஒரே பொட்டலத்தில் கை விட்டுச் சிப்ஸ் தின்றிருக்கிறேன். அப்போது கொரோனா எங்கே போயிருந்தது? இந்த நினைப்பு எனக்கு அந்த மேஜையிலேயே வந்தது. வந்த பிறகும் கை நகரவில்லை. இதைத்தான் ஒளிக்காமல் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். அறிவு ஒரு வேகத்தில் வருகிறது. கை தனக்கு என்று ஒரு வேகம் வைத்திருக்கிறது. கை என் பாட்டியிடம் வளர்ந்தது, எலியட்டிடம் இல்லை.

அவன் சொன்னான்:

'தொட்டுக்கோடா. கையக் கழுவிட்டுத்தான் வந்தேன்.'

சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. ஒரு தகவலைச் சொல்லுகிற குரல். அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது என்று ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறவனின் குரல். பத்து வருஷம் துபாயில் இருந்தும், எவனும் எவனையும் எந்தத் தெரு என்று கேட்காத ஊரில் இருந்தும், என்னைப் பார்த்ததும் அது அவனுக்குத் திரும்பி வந்திருந்தது. நான் அதைக் காணையிலிருந்து கொண்டுபோயிருந்தேன், பெட்டியில் வைத்த முறுக்கோடு.

பிறகு சாப்பிட்டேன். தேவைக்கு மேல் வேகமாகச் சாப்பிட்டேன். அவன் வழித்த பக்கத்திலேயே வேண்டுமென்று ரொட்டியை விட்டேன். அதையும் அவன் கவனித்தான். ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் செய்ததுதான் முதலில் எடுக்காததைவிட அசிங்கம் என்று இப்போது தோன்றுகிறது.

எச்சில் என்கிற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம். எச்சில் என்றால் வாயிலிருந்து வருவது. வாய் பட்ட சோறு. சாப்பிட்டு மிச்சம் வைத்தது. அசுத்தத்தை மட்டும் குறிப்பதானால் எல்லார் எச்சிலும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். அப்படி இல்லை. புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிட்டாள். சாமிக்கும் சாமியாருக்கும் மிஞ்சியது பிரசாதம். குழந்தை கடித்துக் கொடுத்ததை அம்மா தின்கிறாள். யார் எச்சில் யாருக்கு ஆகும் என்பதில் ஒரு ஏணி இருக்கிறது. ஆகவே இது அசுத்தத்தின் சொல் என்பதோடு, யார் யாருக்குக் கீழே என்பதன் சொல்லும்கூட. இதன் சாமர்த்தியம், எப்போது வேண்டுமானாலும் முதல் அர்த்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும் என்பது. 'சுத்தம்தானே?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

வருஷா வருஷம் ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாட்டுக் கோயில்களில் அறநிலையத் துறை சமபந்தி நடத்துகிறது. கலெக்டரோ மந்திரியோ உட்கார்ந்து சாப்பிடுகிற படம் மறுநாள் பேப்பரில் வரும். நல்ல விஷயம்தான், பந்தியில் உட்காரவே விடாத காலம் ஒன்று இருந்தது. ஆனால் அந்தப் படத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இலை. இலைக்கும் இலைக்கும் நடுவில் அரை அடித் தரை. பரிமாறுகிறவன் மேலே இருந்து போட்டுவிட்டுப் போகிறான். கரண்டி இலையைத் தொடுவதில்லை. இலை ஓர் எல்லை. நம்முடைய சமத்துவம் வரிசை வரைக்கும் வந்திருக்கிறது. ஒரே இலையில் இரண்டு பேர் என்பதைக் கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் விளையாட்டாக ஒரு தடவை செய்துவைக்கிறோம். அதன் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். சேர்ந்து சாப்பிடுவதற்கும் கல்யாணத்துக்கும் உள்ள சம்பந்தம் அதுதான். 1936இல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்கென்று அம்பேத்கர் தயாரித்த உரையில் இதைச் சொல்கிறார்: சேர்ந்து சாப்பிடுவது ஜாதியைக் கொன்றுவிடவில்லை; கலப்பு மணமும், அதற்கும் பின்னால் சாஸ்திரத்தின் மேல் உள்ள நம்பிக்கையை உடைப்பதும்தான் மருந்து. கூப்பிட்டவர்கள் உரையைப் பார்த்துப் பயந்து மாநாட்டையே ரத்து செய்துவிட்டார்கள். அவர் அதைத் தம் செலவில் அச்சிட்டார்.

அம்பேத்கரின் சந்தேகம் எனக்கு அந்த லெபனான் மேஜையைப் பற்றியும் வரவேண்டும். வராமல் இருந்தால் நான் ஊர் சுற்றிவிட்டு வந்து பெருமை அடிக்கிறவனாகிவிடுவேன். ஒரே தட்டில் சாப்பிடுகிற அந்த ஜனங்கள் 1975இல் என்ன செய்தார்கள்? அப்போது லெபனான் அடையாள அட்டையில் அவனவன் மதப்பிரிவு எழுதியிருந்தது. 1975 டிசம்பர் 6 அன்று பெய்ரூத்தில் ரோட்டை மறித்து அட்டையை வாங்கிப் பார்த்துப் பார்த்துக் கொன்றார்கள். தக்காளியைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொல்லி, சொல்கிற உச்சரிப்பை வைத்து இவன் லெபனான்காரன், இவன் பாலஸ்தீனன் என்று பிரித்தார்கள் என்றும் சொல்லப்படுவதுண்டு. சமையலறைச் சொல் ஒன்று உயிருக்கு உலை வைப்பது வேறெங்காவது நடந்திருக்கிறதா என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு அட்டை தேவைப்படவில்லை. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகளைக் கொன்றபோது யார் எந்தத் தெரு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் பிறப்பதற்கு முன் நடந்தது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. அவன் வீட்டில் பேசுவார்கள்.

மேஜைக்குள்ளேயும் ஏணி இருக்கத்தான் செய்யும். லெபனானிலிருந்து பிரேஸிலுக்குக் குடிபெயர்ந்தவர்களின் பிள்ளை ரதுவான் நஸார். அவர் 1975இல் — யுத்தம் தொடங்கின அதே வருஷம் — வெளியிட்ட முதல் நாவலில் ஒரு சாப்பாட்டு மேஜை வருகிறது. தலைமாட்டில் அப்பா, வலது பக்கம் வயது வரிசைப்படி பிள்ளைகள், இடது பக்கம் அம்மாவில் தொடங்கி மற்றவர்கள். யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதிலேயே அந்தக் குடும்பம் எப்படி உடையப்போகிறது என்பது இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த நாவல் வர நாற்பது வருஷம் ஆயிற்று. தமிழில் வந்தால் நாம் சரியாகவே புரிந்துகொள்வோம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபின்னும் ஒன்று மிஞ்சுகிறது. அந்த மூலை மேஜைப் பெண் தாத்தா வழித்த பள்ளத்தில் கை வைத்தபோது அதில் ஒரு முடிவும் இல்லை, கொள்கையும் இல்லை. கை போயிற்று, வந்தது. எனக்கு அது ஒரு சம்பவம் ஆனது. ஒரே தட்டு ஜாதியை ஒழிக்குமா என்பது வேறு கேள்வி. ஒளிந்திருப்பதை வெளியில் கொண்டுவந்துவிடுகிறது. இலை அதைச் செய்வதில்லை. இலையில் உட்கார்ந்து நான் அவனோடு ஆயுசுக்கும் சாப்பிட்டிருக்கலாம், என் கையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாமல்.

விழுப்புரத்துக்கும் லெபனான் வந்திருக்கிறது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் கம்பியில் கோழி சுற்றுகிறது. 'சுற்றுதல்' என்கிற துருக்கிச் சொல்தான் அரபு வாயில் புகுந்து ஷவர்மா ஆனது. கேரளம் வழியாகவும், வளைகுடாவிலிருந்து திரும்பினவர்கள் வழியாகவும் இங்கே வந்து சேர்ந்தது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் இறந்துபோனாள். 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்கு அரசு ஓராண்டுத் தடை விதித்தது. லெபனான்காரர்கள் பூண்டும் எண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்துக் கடைந்து வைப்பதில் முட்டைக்கு வேலையே இல்லை. நாம்தான் எங்கிருந்தோ பிடித்துப் போட்டோம். அது கிடக்கட்டும். எனக்குப் பட்டது வேறு. ஆளுக்கு ஒன்றாகச் சுருட்டித் தாளில் கட்டிக் கொடுக்கிறார்கள். லெபனானிலும் அப்படித்தான் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சமையலில் எத்தனையோ இருக்க, நமக்கு வந்து சேர்ந்தது சுருட்டித் தரக்கூடிய ஒன்றே ஒன்று. நடுவில் வைக்கிற தட்டு வரவில்லை.

போன வருஷங்களில் அவன் லீவுக்கு வந்தால் விழுப்புரத்தில்தான் சந்திப்போம். 2025 மே மாதம் வந்தபோது வீட்டுக்கு வரச் சொன்னேன். இந்தத் தடவை திண்ணையில் இல்லை. திண்ணையே இல்லை, சில வருஷத்துக்கு முன் வீட்டை இடித்துக் கட்டியபோது போய்விட்டது. மாடமும் டம்ளரும் அதோடு போயின. ஜாதி ஒழிப்பில் கட்டட மேஸ்திரிகளின் பங்கு பற்றி யாராவது ஆராய்ச்சி செய்யலாம். அவன் ஹாலில், நாற்காலியில் உட்கார்ந்தான். அம்மா வந்து அவன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள்.

ராத்திரியே கடலையை ஊறப்போட்டிருந்தேன். எள்ளை வறுத்து, மிக்ஸியில் அரைத்து, ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் விட்டுத் தட்டில் பரப்பி நடுவில் வைத்தேன். ரொட்டிக்குச் சப்பாத்தி. அவன் சிரித்துவிட்டான். 'நல்லெண்ணெயில ஹும்முஸ் பண்ண மொத ஆள் நீதாண்டா' என்றான். இருவரும் கிழித்துக் கிழித்துத் தொட்டுக்கொண்டோம். என் கை சும்மா போயிற்று, சும்மா வந்தது என்று எழுத ஆசைதான். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலு வாய் ஆகியிருக்கும். கொல்லைக் கதவு சத்தம் கேட்டது. அவன் கையை எடுத்துக்கொண்டான். அம்மா சமையல்கட்டுக்குள் வருவதற்குள், குரலைக் கொஞ்சம் இறக்கி, 'எனக்குத் தனியா ஒரு கிண்ணத்துல வச்சிடேன்' என்றான்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மாவுக்கு முன்னால் அதை ஒரு விஷயமாக ஆக்கவேண்டும். அந்த விஷயத்துக்கு அவன் உடம்பு வேண்டும், என் கொள்கைக்குச் சாட்சியாக. இப்படியெல்லாம் அப்போது யோசித்தேனா, இப்போது எழுதும்போது சேர்த்துக்கொள்கிறேனா, தெரியவில்லை. எழுந்து போய்க் கிண்ணம் கொண்டுவந்து அவனுக்கு எடுத்து வைத்தேன். எனக்கும் ஒன்று வைத்துக்கொண்டேன். அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டு, 'இன்னும் ரெண்டு சப்பாத்தி வச்சுக்கப்பா, ஒண்ணுமே சாப்புடலியே' என்றாள் அவனிடம். அவன் வைத்துக்கொண்டான். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

அவன் போன பிறகு தட்டில் பாதி மிச்சம் இருந்தது. அம்மா அதை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு, 'இது யாரும் எச்சப் பண்ணலியே?' என்று கேட்டாள். இது அம்மா எல்லாப் பாத்திரத்தைப் பற்றியும் எப்போதும் கேட்கிற கேள்விதான். முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

'இல்லம்மா' என்றேன்.

அம்மா ராத்திரிச் சப்பாத்திக்கு அதைத் தொட்டுக்கொண்டாள். பூண்டு தூக்கல் என்றாள். தட்டை வழித்தாள்.

இதை நான் அவனிடம் சொல்லவில்லை. போனில் பேசும்போதெல்லாம் சொல்லவேண்டும் என்று நினைத்து வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பத்திரிகைக்கு அவன் ஆயுள் சந்தாதாரன். இதழ் துபாய்க்குப் போய்ச் சேர மூன்று வாரம் ஆகிறது.